நாற்பது வருஷம் சும்மா கிடந்த விமானத் திடல்: வாங்கும் முன் மண்ணை எங்கே தோண்டிப் பார்ப்பது?

நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில் விலைக்கு வந்திருக்கும் 2 ஏக்கர், ‘மருந்தடிக்கிற ஏரோப்ளேன் இறங்கின இடம்’ என்று உங்கள் பாட்டா சொல்வது உண்மையா என்பது ஒன்று. நாற்பது வருஷமாக உரமோ மருந்தோ படாத மண், இயற்கை விவசாயத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று தரகர் சொல்வதை நம்பலாமா என்பது மற்றது. வாழையும் காய்கறியும் வைத்து, நாலு மாடும் வளர்க்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த மண்ணில் விளைவதை வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. பாட்டா சொல்வது சரியாக இருந்தால், தரகர் சொல்வது சரியாக இருக்க முடியாது. ஆனாலும் 2 ஏக்கரும் கெட்டுப்போயிருக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட திடலில் ஓடுதளம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், மருந்து கலந்து ஏற்றிய இடம்தான் கெட்டிருக்கும். அது சில சென்ட்டுக்குள் அடங்கிவிடும். அந்தச் சில சென்ட் உங்கள் 2 ஏக்கருக்குள் வருகிறதா என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

காரணம் அந்த விமானங்கள் வேலை செய்த முறையில் இருக்கிறது. உலகம் முழுக்கப் பரவலாக ஓடிய, மருந்து தெளிக்கும் சிறு விமானமான பைப்பர் பானி வகையை எடுத்துக்கொள்வோம். விமானிக்கு முன்னால் இருக்கும் மருந்துத் தொட்டி 150 அமெரிக்க காலன், அதாவது சுமார் 570 லிட்டர் பிடிக்கும். (நம் நாட்டிலும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) நிறுவனம் ‘பசந்த்’ என்ற விவசாய விமானத்தை 1970களில் செய்து பார்த்தது. 39 விமானங்களோடு அந்த உற்பத்தி நின்றது.) எக்டேருக்கு 30 லிட்டர் வீதம் அடித்தால் ஒரு தொட்டி மருந்து 19 எக்டேரில், ஏறக்குறைய 47 ஏக்கரில் தீர்ந்துவிடும். உடனே இறங்கி, மருந்து ஏற்றும் அதே தளத்தில் வந்து நின்று, மறுபடி நிறைத்துக்கொண்டு ஏற வேண்டும். காற்று எழும்பும் முன் காலையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் பத்துத் தடவையாவது இது நடக்கும். ஒவ்வொரு தடவையும் ஹோஸைக் கழற்றும்போது அரை லிட்டரோ ஒரு லிட்டரோ கீழே சிந்தும். வேலை முடிந்ததும் தொட்டி கழுவிய தண்ணீர், நாசில் அடைப்பெடுத்துக் கொட்டிய கசடு, காலி பேரலைக் கவிழ்த்து வடித்தது, கிழிந்த பை எல்லாம் அங்கேயேதான் சேரும். வயலில் 47 ஏக்கருக்குப் பரவ வேண்டிய சரக்கு, தளத்தின் ஓரத்தில் ஒரு சென்ட்டில் குவிந்துவிடுகிறது. ஓடுதளத்தின் மேல் விமானம் பாரத்தோடு ஓடியிருக்கும், மருந்தைத் திறந்திருக்காது. எஞ்சின் தடுமாறினால் பாரத்தை அவசரமாகக் கொட்டுவதுண்டு என்பதால், விமானம் மேலெழும்பும் முனைக்கு அப்பால் உள்ள தரையை மட்டும் இரண்டாவது சந்தேக இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அது விமானம் இறங்கிய இடம்தானா என்பது. இப்படிப்பட்ட திடல்களுக்குத் தார் போடுவது அபூர்வம். சரளை பரப்பி ரோலர் ஓட்டிய தரை, நீளம் 600 முதல் 1000 மீட்டர், அகலம் 20 முதல் 30 மீட்டர் இருந்தால் போதும். 800 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் என்றால் அதுவே ஏறத்தாழ 5 ஏக்கர் வந்துவிடும். ஆகவே உங்களுக்குக் காட்டிய 2 ஏக்கர், திடலின் ஒரு துண்டாகத்தான் இருக்க முடியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் ஆனி, ஆடியில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வால்சக்கரம் வைத்த சின்ன விமானம் பக்கக்காற்றைத் தாங்காது. அங்கே ஓடுதளம் போட்டிருந்தால் மேற்கு கிழக்காக, கணவாயின் போக்கிலேயே போட்டிருப்பார்கள். வடக்கு தெற்காக நீண்ட தரையைக் காட்டி ‘இதுதான் ரன்வே’ என்றால் எனக்குச் சந்தேகம் வரும். மின்சாரக் காற்றாடிகளையும் மறக்காதீர்கள். முப்பந்தலைச் சுற்றி 1990களில் அவை பெருகியபோது, கிரேன் நிற்பதற்கென்று கெட்டிப்படுத்திய சதுரத் தரைகளும் நேரான சரளைப் பாதைகளும் நிறைய உண்டாயின. கழற்றி எடுத்த காற்றாடியின் அடித்தளத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் நிற்கும். மருந்து ஏற்றும் தளத்தில் அது இருக்காது, பதிலுக்கு ஒரு பக்கமாகச் சரிவு, சரிவின் முடிவில் ஓடை அல்லது குழி, பக்கத்திலேயே தண்ணீருக்கு வழி ஆகியவை இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் தளமும் கிணறும் முப்பதடிக்குள் இருப்பது இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் பம்ப்செட் கொட்டகையின் தளமும் கிணற்றோரத்தில்தான் இருக்கும், படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

ஹெலிகாப்டரையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் மாவட்டத்து மலையடிவார ரப்பருக்கும் கேரளத்து ரப்பருக்கும் பொதுவான ஒரு தொல்லை, மழைக்காலத்து இலையுதிர்வு நோய். பைட்டோப்தோரா என்ற பூசணத்தால் வருவது. இதற்குத் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே, எண்ணெயில் கலக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்க வேண்டும். எக்டேருக்கு 8 கிலோ தூளை 40 லிட்டர் ஸ்ப்ரே எண்ணெயில் கலப்பது வழக்கமான அளவு. பெரிய தோட்டங்களில் இதை ஹெலிகாப்டர் வைத்தே தெளித்தார்கள், மற்றவர்கள் மைக்ரான் ஸ்ப்ரேயரைத் தோளில் சுமந்தார்கள். மழை இரண்டு பருவங்களாகப் பிரிந்து பெய்வதால் கேரளத்தின் நடுப்பகுதி அளவுக்கு இந்த நோய் நம் பக்கம் கடுமையில்லை, ஆகவே தெளிப்பும் குறைவு. ஆனாலும் கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கத்து ரப்பருக்கு அடிவாரத்துச் சமதரையில் மருந்து ஏற்றும் இடம் வைத்திருக்க வாய்ப்பு உண்டு. ஹெலிகாப்டருக்கு ஓடுதளம் தேவையில்லை, ஒரு தளமும் தண்ணீரும் லாரி வர வழியும் போதும். அதனால் ஓடுதளத்தின் தடயம் கிடைக்கவில்லை என்றாலும் பாட்டா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள்.

பாட்டாவிடமே இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள், ‘விமானம் வந்ததா’ என்று கேட்டால் போதாது. இறக்கை உள்ளதா, தலைக்கு மேல் விசிறி சுற்றுவதா? கன்னிப்பூ போக நெல்லுக்கா கும்பப்பூ போக நெல்லுக்கா, இல்லை மலையில் ரப்பருக்கா? வயலில் கொடி பிடித்து நின்றவர்கள் யார்? அந்தக் காலத்தில் அடித்து முடித்த வரிசையைக் காட்ட ஆட்களைக் கொடியோடு நிறுத்துவார்கள், அவர்களில் யாராவது இருந்தால் அவர்தான் உங்களுக்குச் சிறந்த சாட்சி. மருந்து என்ன நிறம்? சட்டையில் எண்ணெய்ப் பிசுக்கோடு நீலப்பச்சைக் கறை படிந்தது என்றால் தாமிரம். பால் போல வெள்ளையாக, மண்ணெண்ணெய் வாடையோடு இருந்தது என்றால் பூச்சிமருந்து. வெள்ளைத் தூளாக, மூக்கில் ஏறும் பூஞ்சை நெடியோடு என்றால் பிஎச்சி (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) என்ற பழைய பூச்சிமருந்து. தண்டோரா போட்டார்களா என்றும் கேளுங்கள். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி, வானிலிருந்து தெளிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், ஆடு மாடுகளை விலக்கி வைக்க வேண்டும். மாட்டை அவிழ்க்காதே, கிணற்றை மூடு என்று ஊருக்குள் சொல்லிப் போனது எழுபது வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது.

பேச்சுக்குப் பிறகு காகிதம். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் நம் மாவட்டம் 58 எச் என்ற கட்டத்தில் வருகிறது. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் இரண்டையும் பாருங்கள். ஓடுதளம் குறிக்கப்பட்டிருந்தால் சந்தேகம் தீர்ந்தது, குறிக்காமல் இருந்தால் அது இல்லை என்பதற்கு ஆதாரமாகாது, தற்காலிகத் திடல்களை வரைபடத்தில் ஏற்றுவதில்லை. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த ‘கொரோனா’ வரிசைப் படங்களை 1995இல் பொதுவுக்குத் திறந்துவிட்டார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் இணையதளத்தில் இடத்தைக் குறித்துத் தேடலாம். அவற்றுள் பிந்திய படங்களில் 2 மீட்டர் அளவு வரை தெரியும் என்பதால் 25 மீட்டர் அகலச் சரளைத் தரை வெள்ளைக் கோடாகத் தனித்து நிற்கும். 1972க்குப் பிந்திய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் தொடக்க காலத்தில் ஒரு புள்ளிக்கு 80 மீட்டர், இந்த வேலைக்கு உதவாது. வருவாய்த் துறையில், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் அளவு வரைபடமான புலப்படத்தையும் பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி கணக்கில் இருந்ததால் அதற்கு முந்திய ஆவணம் மலையாளத்தில் இருக்கும், படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த சர்வே எண் புறம்போக்காக இருந்திருந்தால், பிறகு எப்படிப் பட்டாவானது என்பது மண்ணைவிடப் பெரிய சிக்கலாகக்கூட இருக்கலாம். அதை வக்கீலிடம் விடுகிறேன்.

இப்போது என்ன மருந்து மிஞ்சியிருக்கும் என்று பார்ப்போம். டெமக்ரான், மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகைகள் வெயிலிலும் ஈரத்திலும் வாரக்கணக்கில், மிஞ்சினால் மாதக்கணக்கில் சிதைந்துவிடும். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவற்றைத் தேடிப் பணம் செலவழிக்காதீர்கள். தேட வேண்டியவை இரண்டு: தாமிரம், குளோரின் வகைப் பழைய மருந்துகள். தாமிரம் ஒரு உலோகம், சிதைவதற்கு எதுவும் இல்லை. மேல்மண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். ஒரு கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். எக்டேருக்கு 8 கிலோ தூளில் தாமிரம் 56 சதம், அதாவது சுமார் 4.5 கிலோ. ஒரு எக்டேரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 1,950 டன் எடை. ஒரு வருஷத் தெளிப்பு முழுவதும் மண்ணில் இறங்கினாலும் கூடுவது கிலோவுக்கு 2.3 மில்லிகிராம்தான், இருபது வருஷம் அடித்தாலும் 46. இதுவே 25 கிலோ பை ஒன்று ஒரு சென்ட் நிலத்தில் கிழிந்து கொட்டினால், அங்கே கிலோவுக்கு 1,800 மில்லிகிராம் வரை ஏறிவிடும். சாதாரண மண்ணில் இது 20, 30 என்ற அளவில் இருக்கும். 100ஐத் தாண்டினால் நான் விசாரிக்கத் தொடங்குவேன், 300ஐத் தாண்டிய இடத்தில் பயிர் வைக்கச் சொல்ல மாட்டேன். தாமிரம் கூடிய மண்ணில் வேர் குட்டையாகி, இளம் இலை வெளிறும், மண்புழு தங்காது. படத்தில் தெரியும் புல் முளைக்காத திட்டு இதனாலும் இருக்கலாம், பழைய எண்ணெய் கொட்டியதாலோ வெறும் இறுக்கத்தாலோகூட இருக்கலாம்.

குளோரின் வகையில் டிடிடியும் பிஎச்சியும்தான் முக்கியம். விவசாயத்துக்கு டிடிடி 1989இல் தடையானது, பிஎச்சி 1997இல். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே 13இல் நிறுத்தியது, ஆனால் நாற்பது வருஷத்துக்கு முன் கைவிட்ட திடலில் அது மிஞ்சியிருப்பது கடினம். டிடிடி அப்படியல்ல. நம் வெயிலில் வேகமாகக் குறையும் என்றாலும், மொத்தமாகச் சிந்திய இடத்திலும் நிழலில் சிமென்ட்டுக்கு அடியிலும் அது டிடிஇ என்ற வடிவத்தில் பல பத்தாண்டுகள் தங்கும். வாழையிலும் தென்னையிலும் காய்க்கு ஏறுவது மிகக் குறைவு. பூசணி, வெள்ளரிக் குடும்பம் வேர் வழியாக இவற்றை இழுத்துக்கொள்ளும். மரச்சீனி, சேனை போன்ற கிழங்குகளின் தோலில் மண்ணோடு ஒட்டி வரும். எல்லாவற்றையும்விட மாடும் கோழியும்தான் ஆபத்து. மேயும் மாடு புல்லோடு மண்ணையும் தின்னும், அந்த மருந்து கொழுப்பில் சேர்ந்து பாலில் இறங்கும். கிளறித் தின்னும் கோழியின் முட்டையிலும் அப்படியே. சோதனை முடிவு வரும்வரை ஒரு கன்றுக்குட்டியைக்கூட அங்கே கட்டாதீர்கள்.

மண் எடுக்கும் முறை, வேளாண் துறை சொல்லும் வழக்கமான முறையிலிருந்து மாறுபடும். உரப் பரிந்துரைக்கு நிலம் முழுக்கப் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து கால்பங்காக்கி அரைக் கிலோ கொடுப்போம். இங்கே அப்படிக் கலந்தால், கெட்ட ஒரு சென்ட் நல்ல 199 சென்ட்டோடு கரைந்து கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். தரகர் ஒரு ரிப்போர்ட் காட்டினால் முதலில் கேட்க வேண்டியது, மண் எங்கே எடுத்தது, கலந்ததா தனியா என்பதுதான். தளத்தின் நான்கு ஓரத்திலும், சரிவு முடியும் பக்கத்தில் 2 மீட்டருக்கு ஒன்றாகவும், ஓடையின் வழியிலும், புல் இல்லாத திட்டின் நடுவிலும் தனித்தனியாக எடுங்கள். ஒப்பிட, 200 மீட்டர் தள்ளி மேட்டுப்பக்கம் ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 15, 15 முதல் 30 சென்டிமீட்டர் என்று இரண்டு அடுக்கு. தாமிரச் சோதனைக்குப் பித்தளை, துத்தநாகம் பூசிய கருவி எதுவும் படக்கூடாது, எவர்சில்வர் கரண்டியோ மூங்கில் சிராயோ போதும், மண்ணை நிழலில் உலர்த்திப் பிளாஸ்டிக் பையில் கட்டலாம். பூச்சிமருந்துச் சோதனைக்கு நேர்மாறு: பிளாஸ்டிக் ஆகாது, கண்ணாடி ஜாடியில் ஈரத்தோடு போட்டு, மூடிக்குள் அலுமினியத் தாள் வைத்து, ஐஸ் பெட்டியில் இருட்டில் கொண்டுபோக வேண்டும். கையுறை போடுங்கள், வீட்டு மம்மட்டியைப் பயன்படுத்தினால் கழுவாமல் வேறு வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆய்வகத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சில்லறைச் சோதனை செய்யலாம். திட்டிலிருந்து இரண்டு கரண்டி மண்ணைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். தெளிந்த நீரை மட்டும் வேறு டம்ளரில் இறுத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த இரும்பு ஆணி ஒன்றை அதில் போடுங்கள். தாமிரம் மிகுதியாக இருந்தால் சில மணி நேரத்தில் ஆணியின் மேல் செம்பு நிறத் தோல் படியும். துருவும் சிவப்புதான், ஆனால் அது தூளாக உதிரும், செம்பு மினுங்கும். படிந்தால் தாமிரம் கொட்டிய இடம் என்பதில் சந்தேகமில்லை. படியாவிட்டால் ‘மிக அதிகம் இல்லை’ என்று மட்டுமே பொருள், 200 அளவெல்லாம் இதில் தெரியாது.

ஆய்வகத்தில் ஒரு பொறி இருக்கிறது. மண்வள அட்டைக்கான சோதனை டிடிபிஏ என்ற கரைசலில் கரையும் தாமிரத்தை மட்டும் அளக்கும், பற்றாக்குறை உண்டா என்பதே அதன் கேள்வி. 1.2 பிபிஎம்முக்கு (கிலோவுக்கு மில்லிகிராம்) மேல் இருந்தால் ‘போதுமானது’ என்று எழுதிவிடுவார்கள். 2 இருந்தாலும் 80 இருந்தாலும் அட்டையில் அதே வார்த்தைதான். ஆகவே ‘மொத்தத் தாமிரம்’ என்று தனியாகக் கேட்டு, அமிலத்தில் கரைத்து அளக்கச் சொல்லுங்கள், மண்ணின் அமிலத்தன்மையையும் சேர்த்துப் பாருங்கள். திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ முதலில் விசாரித்தால் எங்கே அனுப்புவது என்று வழி சொல்வார்கள். குளோரின் மருந்துச் சோதனை, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் எச்ச ஆய்வகம் போன்ற இடத்தில்தான் நடக்கும். செலவு அதிகம் என்பதால் எல்லா மாதிரியையும் அனுப்ப வேண்டாம். தாமிரம் அதிகம் வந்த இடமும், பேரல் கிடந்த இடமும், மேட்டு மாதிரியும் என்று மூன்று போதும்.

முடிவு வந்த பின் செய்வது இடத்தைப் பொறுத்தது. தாமிரம் மட்டும் 100க்கும் 300க்கும் இடையில், மண் அமிலமாகவும் இருந்தால், சுண்ணாம்பிட்டு பிஎச் அளவை 6க்கு மேல் கொண்டுவந்து தொழுவுரத்தை நிறையக் கொடுங்கள். தாமிரம் வெளியே போகாது, வேருக்குக் கிடைப்பது குறையும். அதற்கு மேல் என்றால் அந்தச் சென்ட்டை வேலி போட்டுச் சவுக்கோ தேக்கோ வைத்துவிடுங்கள், உழவே கூடாது, உழுதால் கெட்ட மண் நல்ல மண்ணுக்கு இழுபடும். குளோரின் மருந்து கணிசமாக வந்தாலோ புதைத்த பேரல் கிடைத்தாலோ நிலத்தை வாங்காமல் விலகுவதுதான் என் யோசனை. அந்த மண் அபாயக் கழிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லி, கும்மிடிப்பூண்டி போன்ற பாதுகாப்பான புதைகுழி வரை லாரியில் போக வேண்டியிருக்கும். அந்தச் செலவு பத்திரத்தில் பெயர் உள்ளவர் தலையில் விழும். புதைத்த இடம் நீள்சதுரமாகச் சற்றுத் தாழ்ந்திருக்கும், மழைக்குப் பிறகு தண்ணீர் முதலில் அங்கே தேங்கும். அங்கே பாரையால் குத்திப் பார்க்க வேண்டாம்.

ஓடுதளத் துண்டு சுத்தம் என்று தெரிந்தால் மிஞ்சுவது இறுக்கம். ரோலர் ஓட்டிய சரளையில் வாழை வைத்தால் முதல் வருஷம் குழி மண்ணில் தழைத்து, இரண்டாம் வருஷம் வேர் முட்டி நின்றுவிடும். மழைக்கு அடுத்த நாள் 12 மில்லிமீட்டர் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஒரு சாணுக்குள் நின்றால் சாதாரணக் கலப்பை போதாது. மாசி, பங்குனியில் மண் காய்ந்து வெடிக்கும் பதத்தில் உளிக்கலப்பையை இரண்டடி ஆழத்துக்கு இரு திசையிலும் ஓட்டி, அதன் பிறகு கொழிஞ்சியோ சணப்போ விதைத்து மடக்கி உழுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கலப்பை வெண்ணெயில் கத்தி போல நழுவிப் போகும், இறுக்கம் உடையாது. மண் சோதனைக்கு முன் இதைச் செய்யவே கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைத் தனியாகச் சோதிக்க வேண்டும், தளத்தின் சரிவு கிணற்றுப் பக்கம் இருந்தால் இன்னும் அவசியம். ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டிவிட்டு எடுங்கள், கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று. தாமிரமும் டிடிடியும் தண்ணீரில் அதிகம் நகராது, பிஎச்சியின் சில வடிவங்கள் நகரும். அடிமண்டியை ஒரு முறை இறைத்து அள்ளி அதையும் ஒரு மாதிரியாகக் கொடுங்கள், தண்ணீரில் தெரியாதது மண்டியில் தெரியும். அங்கே கிடக்கும் பழைய பேரலை வெட்டிக் குளிதொட்டியோ மாட்டுத் தொட்டியோ ஆக்கியிருந்தால் அதை முதல் வேலையாக அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாக, ட்ரோன் தெளிப்பு மையம் வைக்க அந்தத் தளம் உதவுமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். 10 லிட்டர் ட்ரோனுக்கு ஓடுதளம் எதற்கு, வரப்பே போதும். மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் அருகில் இருப்பதால், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே எதையும் மேலே ஏற்றுங்கள்.